கூட்டத் தேதியைச் சொல்லாமல் விடுவதும் துன்புறுத்தல்தான்

தேர்தலில் ஜெயித்த பெண்களுக்குப் பயிற்சி தருபவள் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அரசியலில் ஆண்களையும்தானே திட்டுகிறார்கள்?

திட்டுகிறார்கள், சரி. ஆனால் ஆணைத் திட்டுபவர் அவர் அடித்த பணத்தைப் பற்றிப் பேசுவார்; பெண்ணைத் திட்டுபவர் அவள் படுக்கையறைக்குப் போய்விடுவார். நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் எம்.பி.க்களிடம் விசாரித்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மனரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். சுமார் 44 சதவீதம் பேருக்குக் கொலை, வல்லுறவு, அடி, கடத்தல் என்று ஏதோ ஒரு மிரட்டல். 55 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எம்.பி.க்கே இந்த நிலை என்றால், உள்ளாட்சி உறுப்பினரை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, கூட்டத் தேதியை எனக்கு மட்டும் சொல்வதில்லை. கேட்டால் ‘மறந்துட்டோம்’ என்கிறார்கள். இதெல்லாம் ஒரு புகாரா?

புகாரேதான். பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற உள்ளாட்சி உறுப்பினரை முதலில் கூட்டத்துக்குள் விடாமல்தான் தடுத்தார்கள். 2012 மார்ச்சில் அவர் கொல்லப்பட்டார். பெண் உறுப்பினர்கள் பல வருடமாகக் கேட்டு வந்த சட்டம் (எண் 243) அதே ஆண்டு மே மாதம் வந்தது. கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, தவறான தேதி சொல்வது எல்லாம் அதில் துன்புறுத்தல் கணக்கில் வரும். நீங்கள் இன்றே தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்வி: சீட் தரும்போதே ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தேதி போடவில்லை. ‘சும்மா நம்பிக்கைக்கு’ என்கிறார்கள்.

போடாதீர்கள் அம்மா. அந்தத் தேதியை அவர்கள் போட்டுக்கொள்வார்கள். இதற்குத்தான் அந்தப் பொலிவியச் சட்டம், ராஜினாமாவைப் பெண் உறுப்பினரே தேர்தல் ஆணையத்தின் முன் நேரில் வந்து தர வேண்டும் என்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த பிரிவு இது.

கேள்வி: என் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்புகிறார்கள்.

அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, நேரம் மூன்றையும் சேமியுங்கள். பின்னூட்டங்களை நீங்கள் படிக்காதீர்கள். நம்பகமான ஒருவர் படிக்கட்டும். அப்புறம் போலீஸ்.

கேள்வி: பெண்கள் நிலைத்து நிற்க என்னதான் வழி?

மேடைப் பேச்சுப் பயிற்சி என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் நிதிக் குழுவைச் சொல்வேன். பெண்களை விழாக் குழுவில் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். நிதிக் குழுவில் இடம் கேளுங்கள், முடிந்தால் இரண்டு பேராக. ஒருத்தி பேசும்போது குறுக்கே விழுந்தால், ‘அவங்க முடிக்கட்டும்’ என்று சொல்ல இன்னொருத்தி வேண்டும்.