போன அழுக்கு ஏன் திரும்பி ஒட்டுகிறது?

கேள்வி: போர் தண்ணீரில்தான் துணி துவைக்கிறோம். வெள்ளை வேட்டி ஆறே மாதத்தில் சாம்பல் பூத்துவிடுகிறது. சலவைப் பவுடரை இரண்டு மடங்கு போட்டும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வேட்டியை வெயிலில் விரித்துப் பாருங்கள். கீழ்க்கரை மட்டும் கறுத்திருந்தால் அழுக்கு போகவில்லை என்று அர்த்தம். இடுப்பில் செருகும் பகுதிவரை ஒரே சீராக மங்கியிருந்தால், அழுக்கு போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

புகைக்கரியிலும் மண்தூசியிலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதைவிடவும் சிறிய துகள்கள் உண்டு. இவ்வளவு பொடியானவற்றை அடித்துத் துவைத்தே எடுத்துவிட முடியாது. நூலை ஒட்டிய இடத்தில் தண்ணீரின் வேகம் அடங்கிவிடும். பவுடரில் உள்ள சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கை நீக்கும் வேதிப்பொருள், உதவுவது இங்கேதான். தண்ணீரில் பருத்தி நூலுக்கும் எதிர்மின்னேற்றம், தூசிக்கும் எதிர்மின்னேற்றம். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் வால் துகளில் ஒட்டிக்கொள்ள, எதிர்மின் தலை வெளியே நீட்டி நிற்கும். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் விலக்கம் கூடும், துகள் நூலை விட்டு மிதக்கும்.

போர் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் இதைக் கெடுக்கின்றன. இரட்டை நேர்மின்னேற்றம் உள்ள அயனிகள் அவை. விலக்கத்தை அடக்கிவிட்டு, துகளுக்கும் நூலுக்கும் நடுவே பாலமாகவும் நிற்கும்.

பவுடரைக் கூட்டினால்? ஓர் அளவுக்கு மேல் சர்ஃபாக்டன்ட் துகளில் ஏறாது. தனக்குள்ளேயே கூடி மைசெல் என்னும் பொடி உருண்டைகளாகிவிடும். பவுடரில் கலந்த சோடா கொஞ்சம் கால்சியத்தைப் பிடிப்பதால் சிறு பலன் உண்டு, அவ்வளவுதான். பெரும்பாலோர் கோட்டை விடுவது அலசலில். அப்போது சர்ஃபாக்டன்ட் நீர்த்துப்போகும், கால்சியமோ புதிதாக வந்து சேரும். மிதந்துகொண்டிருந்த கரி அந்த நேரம் பார்த்து வேட்டியில் படியும்.

ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர் எடுத்து, சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் தயிர்த் திப்பி போல வெள்ளையாகத் திரண்டால், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர்தான். முதல் நாள் இரவே தண்ணீரில் சலவைச் சோடாவைக் கலக்கி வையுங்கள். காலையில் அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் எடுத்து, துவைக்கவும் முதல் அலசலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம், ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றும் வழக்கம் இருந்தால் வேட்டிக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். அதில் இருப்பது நேர்மின் தலை கொண்ட சர்ஃபாக்டன்ட். துணி மெத்தென்று ஆகும், உண்மைதான். ஆனால் அலசலில் எஞ்சிய கரியையும் நூலோடு சேர்த்து ஒட்டவைத்துவிடும்.