வீட்டு மின்வேலை: எதற்கு விண்ணப்பம், எதற்கு உரிமம்?

சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், நம் பக்கத்தில் வீட்டு வேலைகள் தொடங்கிவிடும். ஓடு மாற்றுவது, மாடி எடுப்பது, ஏ.சி. போடுவது என்று வரிசையாக வரும். கூடவே எனக்கும் கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஸ்விட்ச் மாற்றவும் ஃபேன் மாட்டவும்கூட உரிமம் உள்ளவர்தான் வர வேண்டுமா? (கும்பகோணம்)

வேண்டியதில்லை. பல்பு, ஃபேன், ப்யூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே விலக்கு தருகின்றன. மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். புதிதாக ஒரு லைன் இழுப்பது இந்த விலக்கில் வராது.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு. மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கை முழுக்க மாற்றி, இரண்டு ஏ.சி. வைக்கப் போகிறோம். நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா? எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் இருபது வருட அனுபவம் உள்ளவர், ஆனால் உரிமம் இல்லை. (மன்னார்குடி)

வயரிங்குக்கு என்று நகராட்சி தனியாக அனுமதி தருவதில்லை. அங்கே வாங்குவது கட்டட வரைபட அனுமதி. உங்களுக்கு வேண்டியது வேறு இரண்டு.

முதலாவது லோடு. இரண்டு ஏ.சி. வந்தால் உங்கள் இணைப்பில் பதிவான மின்பளு போதாமல் போகலாம். கூடுதல் பளுவுக்கு ஈ.பி.யில் விண்ணப்பியுங்கள். ஆன்லைனிலும் செய்யலாம். மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டுமா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு வயர் வாங்குங்கள். வயரிங் முடித்த பிறகு போய்க் கேட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, வேலை செய்யும் ஆள். மின் ஒப்பந்ததாரர் உரிமம் பெற்றவர் எடுத்து, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது விதி. உங்கள் எலக்ட்ரீசியனை ஒதுக்கச் சொல்லவில்லை. நல்ல கைத்தொழில்காரர்கள் பலர் தேர்வு எழுதாமலேயே இருந்துவிடுகிறார்கள். அவர் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரின் கீழ் வேலை பார்க்கட்டும். ஆனால் அந்த ஒப்பந்ததாரர் உண்மையிலேயே வீட்டுக்கு வர வேண்டும். வீட்டைப் பார்க்காமல் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளை நம்பாதீர்கள். வயரின் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

பழைய வீடு என்பதால் இன்னும் இரண்டு விஷயம். அந்தக் காலத்து மெயினில் நியூட்ரலுக்கும் ப்யூஸ் கேரியர் வைத்திருப்பார்கள். நியூட்ரல் ப்யூஸ் மட்டும் போனால் ஃபேன் நிற்கும், விளக்கு அணையும், ஆனால் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் எர்த். மரச்சட்ட வயரிங்கில் பெரும்பாலும் இரண்டு கம்பிதான் ஓடும். இப்போது பச்சை வயர் எல்லா பிளக்குக்கும் போக வேண்டும். 16 ஆம்ப் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஏ.சி.க்கு 4 என்று கேட்டு வாங்குங்கள். எர்த் குழியைக் கொல்லையில் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துத் தோண்டுங்கள். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த் நன்றாகவே பிடிக்கும். மேட்டூர் மூடியிருக்கும் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீசியன் அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார். (திருவாரூர்)

கூடவே கூடாது. 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே லைனை வெட்டி உயிரைக் காப்பது அந்தப் பெட்டிதான். வீடுகளில் அது இருக்க வேண்டும் என்பது விதியும்கூட. விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. இன்வெர்ட்டர் இருக்கிறதா பாருங்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வீட்டின் மற்ற நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருந்தால் இப்படித்தான் விழும். அது இல்லையென்றால் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் மட்டும் விழுந்தால் சுவரில் ஊறும் நீரையும் மோட்டாரையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

புயல் நேரத்துக்காகச் சின்ன ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். ஏதாவது ஒரு பிளக்கில் செருகினால் வீடு முழுக்க எரியுமாமே? (வேதாரண்யம்)

எரியும். அதோடு நிற்காமல் உங்கள் மீட்டர் வழியாகத் தெருவுக்கும் போகும். டிரான்ஸ்பார்மருக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்தால், 230 வோல்ட் அந்தப் பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் ஊர்ப் பக்கம் கம்பங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அந்தக் கம்பியில் உங்கள் வீட்டு ஜெனரேட்டரின் கரண்ட் வந்தால் சாவது அவர்கள். சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் ஒன்று, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையில், உரிமம் உள்ளவரை வைத்துப் போடுங்கள். ஈ.பி. ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறுபக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இருக்கக் கூடாது.

தோப்பில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறோம். பம்புசெட் இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? (பாபநாசம்)

கூடாது. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தை வீட்டுக்கு எடுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் முறையற்ற பயன்பாடு என்று கணக்கிட்டு வசூலிப்பார்கள். வீட்டுக்குத் தனி இணைப்பு கேளுங்கள். நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் நகராட்சிப் பகுதியில் 7 நாளிலும் கிராமத்தில் 15 நாளிலும் இணைப்பு தர வேண்டும்.

மீட்டர் இருக்கும் சுவரில் நீர் இறங்குகிறது. நாங்களே பக்கத்துச் சுவருக்கு மாற்றிக்கொள்ளலாமா? (மயிலாடுதுறை)

மீட்டரையும் அதன் சீலையும் நீங்களோ உங்கள் எலக்ட்ரீசியனோ தொடக் கூடாது. இடமாற்றத்துக்கு ஈ.பி.யில் விண்ணப்பித்தால் அவர்களே வந்து மாற்றுவார்கள். அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு நீர் இறங்கினாலோ, சுவரைத் தொட்டால் சுருக்கென்றாலோ உடனே ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், சொல்லுங்கள். குழந்தைகளை அந்தச் சுவர்ப் பக்கம் விடாதீர்கள்.