நண்டுக்கு விலை வைப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

மகளும் மருமகனும் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கிறார்கள். அங்கே நண்டு பிடிப்பவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச விலை உண்டாமே, அதை அரசாங்கமா வைக்கிறது?
– வாசகர், காட்பாடி

அரசாங்கம் நேரடியாக வைப்பதில்லை. மீனவர்களுக்காக எஃப்.எஃப்.ஏ.டபிள்யூ என்ற தொழிற்சங்கமும், நண்டை வேகவைத்து உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்காக அவர்களுடைய சங்கமும் சீசனுக்கு முன் உட்கார்ந்து பேசும். ஒத்துவராவிட்டால் விஷயம் மீன் விலை நிர்ணயக் குழுவுக்குப் போகும். இரு தரப்பும் தலா ஒரு விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். குழு அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும். 'நீ நாலு கேட்டாய், அவன் ரெண்டு சொன்னான், மூணு வைத்துக்கொள்' என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் யார் தாறுமாறாகக் கேட்கிறாரோ அவர் தோற்பார். இரு தரப்பையும் நியாயமான எண்ணுக்கு இழுத்துவரும் நல்ல விதி இது.

குழு பார்ப்பது அமெரிக்கச் சந்தையை. நியூஃபவுண்ட்லாந்தில் பிடிபடும் பனிநண்டில் (ஸ்னோ கிராப்) பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கால்களோடு சேர்ந்த வெந்த துண்டு அங்கே என்ன விலைக்குப் போகிறது என்பதை அர்னர் பாரி என்ற விலை அறிக்கை சொல்லும். கரையில் மீனவர் கொடுப்பதோ உயிர் நண்டு. முதுகு ஓடும் குடலும் போனால் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். ஆலைக் கூலி, உறைபதனம், அமெரிக்க டாலருக்கும் கனடா டாலருக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் போக மிஞ்சுவதை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் சண்டையே.

2022 சீசன் ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 7.60 கனடா டாலரில் தொடங்கியது. பிறகு சந்தை சரிந்தது. 2023இல் குழு வைத்த விலை 2.20, அதாவது கிலோவுக்கு 4.85 டாலர்தான். மீனவர்கள் சுமார் ஆறு வாரம் படகை எடுக்கவில்லை. கடைசியில் 2.20 அப்படியே நின்றது. சந்தை ஏறினால் படிப்படியாகக் கூட்டித் தருவதாக உடன்பாடு. இந்த ஏற்பாடு முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சந்தை வாரத்துக்கு வாரம் மாறும்போது ஒரே எண்ணைக் கட்டிவைத்தால், ஏறும்போது மீனவருக்கு நஷ்டம், இறங்கும்போது ஆலைக்கு நஷ்டம்.

இன்னொன்று: இது அடிவிலை மட்டுமே. ஆலை கூடுதலாகக் கொடுக்கலாம், குறைக்க முடியாது. ஆனால் 'இந்த வாரம் இவ்வளவுதான் எடுப்பேன்' என்று ஆலை சொல்லிவிட்டால், விலை இருந்தும் சரக்கு போகாது. விலையோடு கொள்முதல் அளவையும் பேசி முடிப்பது அதனால்தான் முக்கியம்.

அப்படியானால் நம் கரும்பு விலை மாதிரிதானே? எங்கள் கரும்பு அம்முண்டி ஆலைக்குப் போகிறது.
– வாசகர், திருவலம்

பாதி சரி. கரும்புக்கு விவசாயியும் ஆலையும் பேசி முடிப்பதில்லை. வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பரிந்துரைக்க, மத்திய அரசு அறிவிக்கிறது. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை) குவிண்டால் 340 ரூபாய் என்று இருந்தது. அந்தப் பருவத்தில் கட்டுமானம் 0.1 சதவீதம் குறைந்தால் 3.32 ரூபாய் குறைந்தது. கூடினால் அதே அளவு கூடியது. 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 315.10 ரூபாய்க்குக் குறையவில்லை, அதாவது டன்னுக்கு 3,151. அதன்மேல் தமிழக அரசு ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்ந்துதான் 3,500 ஆனது.

நண்டுக்காரருக்குப் பேச இடம் உண்டு, உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 1966ஆம் வருடக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. பலர் அசலை வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிடுகிறார்கள். எடைச் சீட்டில் தேதி, நிகர எடை, கழிவு என்று பிடித்த எடை மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று ஆலை வாசலிலேயே பார்த்து வாங்குங்கள். வட்டி கேட்டு மனு எழுதும்போது அந்தத் தேதிதான் சாட்சி.

வேலூர் மார்க்கெட்டுக்கு வரும் நண்டுக்கு இப்படி அடிவிலை உண்டா?
– வாசகி, சத்துவாச்சாரி

கிடையாது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர் அவருக்கே சரக்கைக் கொடுக்க வேண்டியிருப்பதால், பேரம் பேசக்கூட முடிவதில்லை. நம் கடற்கரையில் முதலில் உடைய வேண்டியது இந்த முன்பணக் கட்டு. அது இருக்கும்வரை அடிவிலை அறிவித்தாலும் காகிதத்தில்தான் நிற்கும். வாங்கப் போகும் உங்களுக்கு: நண்டைக் கவிழ்த்து வயிற்றுப் பக்கத்தையும் காலின் அடியையும் விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் ஓடு கழற்றி அதிக நாளாகாத தண்ணி நண்டு. அதில் சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம், முழு கிலோ விலை கொடுக்காதீர்கள்.