யார் பார்த்தது?

ஐயா,
எங்கள் மாடிக்குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி "கவனம், பிரச்சினை வரப்போகுது" என்று செய்தி வருகிறது. அம்மம்மா 83ஐயும், அதாவது 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தையும், அதற்குப் பிந்திய கொழும்பையும் கண்டவர். அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்தக் காலத்து ஆட்கள் ஆபத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தது துணிவா, பயமா? நாங்களும் பேசாமல் விடுவதா?
- ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

துணிவா பயமா என்ற விசாரணையை விடும். ஆனால் "பேசாமல் இருந்தது" என்கிறீரே, அது சுத்தப் பிழை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? ஓயாமல் பேசினார்கள்.

"பம்பலப்பிட்டிச் சந்தியில மறிக்கிறாங்கள், பஸ்ஸால இறக்குவாங்கள், ஐசியைக் கையில வைச்சிரு." "ஊரிலயிருந்து ஆள் வந்தால் இருட்ட முதல் பொலிசில பதி." இதுதான் அவர்களுடைய ஆபத்துப் பேச்சு. அப்போது தமிழரின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், தமிழும் இருந்தது, சிங்களவரின் அட்டையில் இருக்கவில்லை. பின்பக்கத்தில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் கேள்வி கூடும். இரவு றவுண்டப்பில், அதாவது சுற்றிவளைப்பில், பொலிசில் பதிந்த வீட்டுப் பதிவுத் துண்டில் இல்லாத பெயர் அகப்பட்டால் அந்த ஆள் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டியதுதான். அம்மம்மாவிடம் 83ஐக் கிண்டாதேயும், பாவம். அந்தத் துண்டை எங்கே வைச்சிருந்தவ என்று கேளும், சொல்லுவா.

இப்போது உம்முடைய குழுச் செய்திக்கு வருவோம். யார் பார்த்தது? எந்தச் சந்தி? எத்தனை மணிக்கு? கேட்டவர் என்ன செய்யவேண்டும்? நாலில் ஒன்றும் இல்லை. ஆபத்து என்று மட்டும் சொன்னால் ஒருவர் கதவைப் பூட்டுவார், இன்னொருவர் பொல்லைத் தூக்குவார்.

1958 கலவரத்தில், பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் மட்டக்களப்பில் கொன்றுவிட்டார்கள் என்று கதை பரவியது. அப்படி ஒரு ஆசிரியையே அங்கே இல்லை. பாணந்துறைக் கோயில் ஐயரை உயிரோடு எரித்த நாட்கள் அவை.

83ஐ எடுத்துக்கொள்ளும். ஜூலை 24 இரவு கொழும்பு பொரளையில் கலவரம் தொடங்கியது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றியது 28ஆம் திகதி. அதிலும் தமிழருக்கு ஒரு ஆறுதல் சொல் கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கந்தோர்களுக்குச் சனம் திரும்பியிருந்த நேரம், கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் "புலி வந்திட்டுது", அதாவது விடுதலைப் புலிகள் வந்துவிட்டார்கள், என்று கதை கிளம்பியது. எந்தத் தெருவில், எத்தனை பேர், கண்டது யார்? கேட்க ஒருவரும் நிற்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். வீதி நிறைந்தது. புலி வரவில்லை. அடங்கிக்கொண்டிருந்த கொலை மறுபடி தொடங்கியது, செத்தது தமிழர்.

பொறுப்பானவன் நாலு நாள் வாய் திறக்காத ஊரில் எந்தக் கதையும் செல்லும். அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம், திட்டத்தான் வேண்டும். ஆனால் கதையைக் கைமாற்றியவர்கள் அமைச்சர்கள் இல்லை, பஸ்ஸுக்கு நின்ற சாதாரண சனம். உம்மைப் போல, உம்முடைய குழுவைப் போல.

ஆகவே பேசாமல் விடாதேயும். அடுத்த செய்தி வந்ததும் போட்டவருக்குக் கோல் எடுத்து, "நீங்கள் பார்த்தீங்களா?" என்று கேளும். இல்லையென்றால் அவருக்குச் சொன்னவரிடம் கேளும். அங்கேயும் பார்த்தவர் இல்லையென்றால் "இதைக் கண்டவர் எவருமில்லை" என்று குழுவிலேயே எழுதும். போட்டவர் கோபிப்பார். கோபிக்கட்டும்.