அடிமண் கலப்பைக்குக் காசு கொடுக்குமுன் அலவாங்கை எடுங்கள்

கேள்வி: ஐயா, தம்பலகாமத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயலும், பன்குளம் பக்கம் ஐந்து ஏக்கர் மேட்டுக்காணியும் இருக்கின்றன. மேட்டில் சோளமும் கச்சானும் செய்கிறோம். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே தேங்குகிறது. பத்து நாள் வெயில் எறித்தால் பயிர் வாடிவிடுகிறது. அடியில் மண் இறுகிவிட்டது, சப்சொயிலர் என்கிற, அடிமண்ணைக் கிழிக்கும் கலப்பையை வாங்கிப் போட்டால் வயலும் மேடும் திருந்தும் என்கிறார் கடைக்காரர். எங்களிடம் 47 குதிரைவலு உழவு இயந்திரம் உண்டு. வாங்கலாமா?

பதில்: வயலுக்கு வேண்டவே வேண்டாம். நெல் வயலில் இதை இறக்கச் சொன்னவர் உங்களுக்குக் கேடு சொல்லியிருக்கிறார். போகத்துக்குப் போகம் சேறடிக்கும்போது உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டாகப் படிகிறது. நெல்லுக்கு அந்தத் தட்டுத் தேவை. கந்தளாய்க் குளத்திலிருந்து முறை வைத்து வருகிற தண்ணீரை வயலில் நிறுத்திவைப்பது அதுதான். சேற்றில் இயந்திரத்தின் பாரத்தைத் தாங்குவதும் அதுவே. அதைக் கிழித்தால் கட்டிய தண்ணீர் கீழே இறங்கும், பசளையும் அதோடு போகும், சில்லுப் புதையும். மறுபடி அது படிந்து வரப் பல போகங்கள் செல்லும்.

மேட்டுக்காணியின் கதை வேறு. அங்குள்ள செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். ஈரத்தோடு ஒவ்வொரு வருடமும் ஒரே ஆழத்தில் தட்டுக் கலப்பையோ ரொட்டவேற்றரோ ஓடினால் அடியில் இறுக்கம் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் காணியில் வந்திருக்கிறதா என்பதைக் கடையில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. நல்ல மழைக்கு ஓரிரு நாள் கழித்து, விரல் மொத்தமுள்ள இரும்புக் கம்பியைக் கையால் மண்ணில் அழுத்துங்கள். ஆறேழு அங்குலம் இறங்கித் தடைப்பட்டு, பலமாக அழுத்தியதும் சட்டென்று இலகுவாகப் போனால் அங்கே இறுகிய படை இருக்கிறது. அதே இடத்தில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு, நிற்கிற சோளத்தின் அருகில் ஒன்றரை அடிக் குழி வெட்டி வேரைப் பாருங்கள். இறுக்கம் இருந்தால், நேராக இறங்கிய வேர் ஓரிடத்தில் தடித்து, முழங்கையை மடக்கியதுபோலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அந்தப் படை எந்த ஆழத்தில் முடிகிறது என்று அளந்து எழுதிவையுங்கள், பிறகு தேவைப்படும். குழியில் பருக்கைக்கற்கள் நிறைந்த படை தெரிந்தால் அது இந்த மண்ணோடு பிறந்தது. எந்தக் கலப்பையும் அதை மாற்றாது; கொழுமுனைதான் தேயும்.

இறுக்கம் இருந்தாலும் ஐந்து ஏக்கருக்காகச் சொந்தமாக வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். இது வருடந்தோறும் செய்கிற உழவு இல்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை செய்தால் போதும். மீதிக் காலமெல்லாம் கொட்டிலில் துருப்பிடிக்கும். முதலில் வாடகைக்குத் தேடுங்கள், கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் அயல் காணிக்காரருடன் சேர்ந்து வாங்குங்கள்.

அப்படி வாங்கினால், மண்ணைக் கிழிக்கிற இரும்புக் கால் ஒன்று மட்டும் உள்ளதையே எடுங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு காலை இழுக்கவே ஏறக்குறைய 30 முதல் 50 குதிரைவலு வேண்டும். இரண்டு கால் பூட்டினால் உங்கள் இயந்திரத்தின் சில்லுச் சுழலும், டீசல் எரியும், உழவு நடக்காது. கொழுமுனை தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். கல்லில் மாட்டினால் தான் முறிந்து காலைக் காப்பாற்றும் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். கலப்பையை இயந்திரத்தின் பின்புறக் கீழ்க் கைகளில் பூட்டும் ஊசி 22 மில்லிமீற்றரா 28 மில்லிமீற்றரா என்று உங்கள் இயந்திரத்தில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். காசு கட்டுமுன் உங்கள் காணியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சொன்ன ஆழம் வருகிறதா என்று கம்பியை விட்டு நீங்களே அளவெடுங்கள்.

ஓட்டுகிற ஆழம், நீங்கள் எழுதிவைத்த அளவுக்கு ஓரிரு அங்குலம் கீழே இருந்தால் போதும். அதற்கு மேல் ஆழம் வெறும் டீசல் செலவு. சாலுக்குச் சால் இடைவெளி ஏறக்குறைய அந்த ஆழத்தின் அளவு இருக்கலாம். கால் மண்ணுக்குள் இருக்கும்போது இயந்திரத்தைத் திருப்பவே கூடாது, கால் வளைந்துவிடும். பெரும்போக மழைக்கு முன், ஆகஸ்ட், செப்டெம்பரில் செய்யுங்கள். அடிமண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டும்போது திரியாக நீண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, பொறுங்கள். ஈர மண்ணில் கால் ஒரு கீறலைப் போட்டு அதன் சுவரை மெழுகிவிட்டுப் போகும்; மண் உடையாது. உழுத பிறகு அதன்மேல் சுமையேற்றிய பெட்டியை ஓட்டினால் செய்த வேலை முழுவதும் வீண்.

கேள்வி: இரு சில்லு உழவு இயந்திரத்துக்கும் அடிமண் கலப்பை உண்டு என்கிறார்களே? (கிண்ணியா வாசகர்)

பதில்: கலப்பை என்று ஒன்றைப் பூட்டலாம், இறுகிய அடிமண்ணை உடைக்கிற இழுவை அந்த இயந்திரத்திடம் கிடையாது. வாங்காதீர்கள்.

கேள்வி: புதிது என்று வாங்கிய கலப்பையின் கால் முதல் நாளே, வெல்டிங் செய்து ஒட்டிய இடத்தில் வெடித்துவிட்டது. உற்றுப் பார்த்தால் பழைய ஒட்டுக்குமேல் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். கடைக்காரர் கையை விரிக்கிறார். பற்றுச்சீட்டில் தொகை மட்டுமே இருக்கிறது. (மூதூர் வாசகர்)

பதில்: திரும்ப ஒட்டவோ, பெயின்றைச் சுரண்டவோ வேண்டாம். வெடித்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். வாங்கும்போது கூட இருந்தவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ச்சொல்லோடு கடைக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தத் தவணை கடந்துவிடும். வழி தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.