செல்லு என்ன கரைவலையா இழுக்குது?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தங்கச்சிமடம் பக்கம், எம்.எஸ்சி. பயோடெக் ரெண்டாவது வருஷம். போன தடவை நீங்க போறபோக்குல "செல்லோட இழுவையை அளந்தே பல வருஷம் ஓடிப்போச்சு"ன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. அதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "செல்லு என்ன கரைவலையா இழுக்குது"ன்னு சிரிச்சாங்க. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. இதை வாழ்நாள் முழுக்க ஒரு வேலையா பண்ண முடியுமா? பிளஸ் டூவோட கணக்கை விட்டுட்டேன், பிசிக்ஸ்னாலே பயம். இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு வீட்ல கேக்குறாங்க. ஊரை விட்டுத்தான் போகணுமா?

தங்கச்சி,

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. கிண்டலா கேட்டாலும் சரியாத்தான் கேட்டிருக்காங்க. ஆமா, செல்லு கரைவலைதான் இழுக்குது. செல்லு எப்படி இழுக்குது, இழுவையை எப்படி உணருதுன்னு பாக்குற இந்தத் துறைக்கு மெக்கனோபயாலஜின்னு பேரு.

கரையில நின்னு கரைவலை இழுக்குறவங்க காலை எப்பவாச்சும் கவனிச்சிருக்கியா? எல்லாரும் கடலையும் வலையோட மடியையும்தான் பாப்போம். பொதுபொதுன்னு காஞ்ச மணல்ல நின்னு இழுத்தா கால் உள்ள இறங்கி சறுக்கிக்கிட்டே இருக்கும், இழுக்குற பலம் பூரா மணலுக்கே போயிரும், வலை அசையாது. நாலடி தள்ளி ஈரம்பட்டு இறுகிக் கெடக்குற மண்ணுல குதிகாலை ஊனி இழுத்தா அதே ஆளு அதே கயிறு, வலை வரும். அதாவது குனிஞ்சு பாக்காமலே, இழுத்துப் பாத்தே காலுக்குக் கீழ என்ன தரைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்.

செல்லும் அப்படித்தான். உள்ள ஆக்டின்னு ஒரு புரதக் கயிறு, மயோசின்னு இழுக்குற ஆளு, செல்லோட சவ்வைத் தாண்டி வெளிய தரையைப் பிடிக்கிற காலுக்கு இன்டெக்ரின்னு பேரு. காலுக்கும் கயித்துக்கும் நடுவுல டாலின்னு ஒரு புரதம் மடிஞ்சு கெடக்கும். தரை கெட்டியா இருந்தா இழுவை ஏறும், மடிப்பு பிரியும், பிரிஞ்ச எடத்துல வின்குலின்னு இன்னொரு புரதம் வந்து ஒட்டி பிடியை இன்னும் இறுக்கும். தரை கொழகொழன்னு இருந்தா இழுவையே ஏறாது, மடிப்பும் பிரியாது. 2009ல மைக்கேல் ஷீட்ஸ்ங்கிற விஞ்ஞானியோட குழு ஒத்தை டாலின் மூலக்கூறைப் பிடிச்சு இழுத்தே இதைக் காட்டிருச்சு. ஒரு மயோசின் இழுக்குற பலம் சில பிகோ நியூட்டன்தான். நூறு கிராம் மீனைக் கையில தூக்குனா ஒரு நியூட்டன்னு வையி, அதுல லட்சம் கோடில ஒரு பங்குதான் ஒரு பிகோ நியூட்டன்.

செல்லு இழுக்குதுங்கறதைக் கண்ணால காட்டுன சோதனை 1980ல வந்துச்சு, ஆல்பர்ட் ஹாரிஸ்னு ஒருத்தர் பண்ணது. சிலிக்கான் எண்ணெய் மேல தீயை லேசா காட்டி, பால்ல ஆடை படியிற மாதிரி ஒரு மெல்லிசு தோலு உண்டாக்கி அதுமேல செல்லை விட்டாரு. செல்லு ஊர்ந்த எடமெல்லாம் தோலு சுருக்கம் விழுந்துச்சு, அவ்வளவுதான். பெரிய மெஷினுக்குக் காசில்லன்னு பொலம்புற பசங்ககிட்ட நான் இன்னைக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

என் கதைக்கு வாரேன். நான் இதுக்குள்ள வந்தது திட்டம் போட்டெல்லாம் இல்ல. எங்க அம்மா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போனவங்க, விரல்ல துணி சுத்திக்கிட்டு பாறையில மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கிறது. அதுலருந்துதான் அகார் எடுக்குறாங்க, நீ லேப்ல கிருமி வளக்குற தட்டுல இருக்குறதும் அகார்தான். துணி சுத்தியும் அம்மா விரல் நுனியெல்லாம் காச்சுப்போய் கெட்டியா இருக்கும். காலேஜ்ல ஒருநாள் தோல் செல்லு பத்தி பாடம் நடக்குறப்ப, ஒரசல் விழுற எடத்துல மட்டும் தோலு ஏன் தடிக்குது, அழுத்தம் விழுறது செல்லுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டேன், அதெல்லாம் சிலபஸ்ல இல்லன்னு உக்கார வச்சுட்டாங்க. அந்தக் கேள்விதான் இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது.

2006ல ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் போட்டாங்க. எலும்பு மஜ்ஜையில இருந்து எடுத்த ஒரே வகை ஸ்டெம் செல்லை, அதாவது பல வகை செல்லா மாறக்கூடிய செல்லை, வேற வேற கெட்டியான ஜெல்லு மேல வளத்தாங்க. மூளை மாதிரி மெத்துன்னு, ஒரு கிலோ பாஸ்கலுக்கும் (கெட்டித்தனத்தை அளக்குற அலகு) கீழ இருந்தா நரம்பு செல் சாடையில போச்சு, 8லருந்து 17 கிலோ பாஸ்கல்ல தசை பக்கம் சாஞ்சுச்சு, 25லருந்து 40ல எலும்பு பக்கம். அதைப் படிச்சுட்டு நானும் ஜெல் ஊத்துனேன், ரெண்டு வருஷம் ஊத்துனேன். கண்ணாடியில இருந்து ஜெல்லு உரிஞ்சு வந்துரும், இல்லன்னா செல்லு ஒட்டாது, எல்லாம் சரியா வந்த அன்னைக்கு கரண்டு போயிரும். எழுதி அனுப்புனா பயாலஜிக்காரங்க இது பிசிக்ஸ்னு திருப்புவாங்க, பிசிக்ஸ்காரங்க இது பயாலஜின்னு.

ஒருநாள் ராத்திரி, ஜெல்லுக்குள்ள மின்னுற குட்டிக் குட்டி மணிகளைப் போட்டு மேல ஒரு செல்லு உக்காந்திருக்கு. செல்லோட பிடியை வெட்டிவிடுற ட்ரிப்சின்னு ஒரு என்சைமை ஊத்தி செல்லைக் கழட்டிவிட்டதும், அது இவ்வளவு நேரம் தன் பக்கம் இழுத்து வச்சிருந்த மணியெல்லாம் கயித்தை விட்ட மாதிரி சட்டுனு பழைய எடத்துக்குத் திரும்புச்சு. அந்த நகர்ந்த தூரத்துல இருந்துதான் பலத்தைக் கணக்குப் போடுறது. தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது அந்தத் தூரம். எனக்கு அழுகை வந்துருச்சு, பக்கத்துல யாரும் இல்லாததால அழுதேன்.

பொறுமை பத்தி நீ கேக்கல, இருந்தாலும் சொல்லுறேன். தொடுகையை உணர்ற பியசோ புரதத்தைக் கண்டுபிடிச்ச ஆர்டெம் பட்டபூட்டியன்ங்கிற விஞ்ஞானியோட லேப்ல, பெர்ட்ராண்ட் கோஸ்ட்னு ஒருத்தர் 72 ஜீனை ஒண்ணொண்ணா வேலை செய்யவிடாம அணைச்சு அணைச்சு, ஒவ்வொரு தடவையும் செல்லைக் குத்திப் பாத்தாரு. கடைசியா இருந்ததுதான் மாட்டுச்சு. 2010ல பேப்பர், 2021ல பட்டபூட்டியனுக்கு நோபல்.

பிரயோஜனம்னு கேட்டா, நான் யாரையும் குணப்படுத்தல, அந்தப் பொய்யை வீட்ல சொல்லாத. ஆனா மார்புல கட்டி இருந்தா டாக்டர் கையால தடவிப் பாக்குறது எதுக்கு? கட்டி கெட்டியா இருக்கும். ஈரல் தழும்பேறி இறுகிப்போச்சான்னு ஸ்கேன்லயே அளக்குறாங்க. நோய் வந்ததால கெட்டியாகுது, அது தெரியும். கெட்டியானதால நோய் இன்னும் முத்துதா, அப்படின்னா அதை எங்க தடுக்கலாம், இதுதான் எங்க ஆளுங்க நோண்டுற எடம்.

ஊரை விட்டுப் போகணுமான்னா, போகத்தான் வேணும், சுத்தி வளைச்சுப் பேச விரும்பல. நெட் பரீட்சை எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கு, பெங்களூர் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) மாதிரி எடத்துல இதுக்கு ஆளுங்க இருக்காங்க, பின்னாடி வேணும்னா சிங்கப்பூர்ல இதுக்குன்னே 2009ல ஆரம்பிச்ச மெக்கனோபயாலஜி இன்ஸ்டிட்யூட் இருக்கு. மண்டபத்துல மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அங்க பண்ணலாமேன்னு கேப்பாங்க. நல்ல எடம்தான், ஆனா இந்த வேலை வேற.

கணக்கு பயத்துக்கு ஒரு வேலை தாரேன். நோம்பு நேரத்துல கீழக்கரை பக்கம் செய்வாங்களே கடல்பாசி, அதுவும் அகார்தான், அதை சீனி போடாம மூணு டம்ளர்ல காய்ச்சு. ஒவ்வொண்ணுலயும் 200 மில்லி தண்ணி, பாசி மட்டும் அரை கிராம், ஒரு கிராம், ரெண்டு கிராம். ஆறி உறைஞ்சதும் ஒரே கோலிக்குண்டை மூணுலயும் மேல வச்சு எவ்வளவு அமுங்குதுன்னு ஸ்கேல் வச்சுப் பாரு. பிளஸ் ஒன்ல யங்ஸ் மாடுலஸ்னு, ஒரு பொருள் எவ்வளவு கெட்டின்னு சொல்லுற அளவை மனப்பாடம் பண்ணியே, அது இதுதான், எனக்குத் தேவைப்பட்ட பிசிக்ஸ்ல பாதி அதுக்குள்ளயே வந்துரும். அளந்ததை நோட்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. அமுங்காம உருண்டு ஓடுனாலும் அப்படியே எழுது.