நுரையீரலை 'வளர்க்க' ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கடும் நிமோனியாவில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் ரத்தத்தையே எடுத்து, அதிலுள்ள 'குரோத் ஃபேக்டரை'ப் பிரித்து ஏற்றினால் நுரையீரல் புதிதாக வளரும் என்கிறார் ஒருவர். மூன்று ஊசி, ஒன்றரை லட்சம். போடலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

நுரையீரலில் மூச்சுக்காற்று வந்து சேரும் நுண்ணிய பைதான் காற்றறை. அதன் உட்சுவரில் இரண்டு வகை செல்கள். முதல் வகை ரவா தோசை போல மெலிதாகப் பரந்து, பரப்பில் சுமார் 95 சதவீதத்தை மூடியிருக்கும். ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போவது இதன் வழியாகத்தான். சுலபமாகச் சாவதும் இதுதான். இரண்டாம் வகை மூலையில் குண்டாக உட்கார்ந்திருக்கும். காயம் பட்டதும் அண்டையிலுள்ள செல்கள் கேஜிஎஃப், எச்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளை ('குரோத் ஃபேக்டர்') சுரக்கும். அந்தத் தூண்டுதலால் இரண்டாம் வகை பெருகி, நகர்ந்து, பிறகு தட்டையாகி, வெறுமையான இடத்தை மூடும். அப்பா உடம்பு இந்த வேலையைத் தானே செய்யும், மாதக்கணக்கில் ஆகும்.

ரத்தத்திலிருந்து இப்படிப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் ரத்தத்தட்டுகளில் (பிளேட்லெட்) உள்ள காரணிகளைத்தான். அவற்றில் அதிகம் இருப்பவை வேறு. டிஜிஎஃப்-பீட்டா, பிடிஜிஎஃப் இரண்டும் அதில் ஏராளம். அளவு மீறினால் தழும்பு போடும் ஆட்கள் இவை. நுரையீரல் தழும்பு நோய்க்கு நாங்கள் எழுதும் நின்டெடானிப் மாத்திரை, பிடிஜிஎஃப் நுழையும் கதவைத்தான் சாத்துகிறது. அதையே காசு கொடுத்து ஏற்றிக்கொள்வதா?

"கேஜிஎஃப் மருந்தாகவே விற்கிறதே" என்று ஊசி விற்கும் அந்த ஏஜென்ட் மடக்கலாம். உண்மைதான். பாலிஃபெர்மின் என்று பெயர், 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் எதற்கு? ரத்தப் புற்றுநோய்க்குக் கடும் சிகிச்சை எடுப்பவர்களின் வாய்ப்புண்ணுக்கு. வாய்க்கு, நுரையீரலுக்கு அல்ல. நுரையீரலுக்கும் பிரிட்டனில் முயன்று பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: பலன் இல்லை; மருந்து ஏற்றப்பட்ட குழுவே வென்டிலேட்டரில் கூடுதல் நாள் கிடந்தது. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் பெருகுவது வேறு, படுக்கையில் இருக்கும் மனிதர் வேறு.

என் புறநோயாளிப் பிரிவுக்கு ஒருவர் லேமினேட் செய்த அட்டையோடு வந்தார். ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்று இரண்டு சிடி ஸ்கேன் படங்கள். மூலையில் பொடி எழுத்தில் தேதி: நடுவே ஐந்து மாதம்! அத்தனை மாதத்தில் பலருக்கு ஊசி இல்லாமலே படம் தெளியும்.

ஏஜென்டை மட்டும் திட்டிப் பயனில்லை. டிஸ்சார்ஜ் தாளில் "2 வாரத்தில் ரிவ்யூ" என்று ஒரு வரி கிறுக்கி அனுப்பிவிடுகிறோம். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஆளில்லை. அந்தக் காலி நாற்காலியில்தான் இவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

சரி, இப்போது செய்யவேண்டியது: நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் மூச்சுப் பயிற்சி, தினமும் நடை. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, சமதரையில் அவர் வேகத்தில் ஆறு நிமிடம் நடக்கவிடுங்கள். 90-க்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்தி உட்காரவைத்து, மறுநாளே நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இறங்காவிட்டாலும் மூன்றாவது மாதம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பழைய சிடி ஃபிலிமை மறக்காமல் கொண்டுபோங்கள்.